பத்து மணி வரை அனுமதி

பிப்ரவரி 9, வெள்ளி

தெரு நலச் சங்கக் கூட்டம். ஆறு மணிக்கு என்று சொல்லி, எல்லாரும் வந்து உட்கார ஏழேகால் ஆயிற்று. எங்கள் தோப்புத் தெருச் சங்கத்துக்கு இருபத்தைந்து வயதாகிறதாம். வெள்ளி விழா எடுக்க வேண்டுமாம். மார்ச் 23, சனிக்கிழமை, தெருவை இரண்டு முனையிலும் அடைத்து, நடுவில் மேடை போட்டு, எங்கள் தேன்துளி இன்னிசைக் குழுவின் கச்சேரி. சங்கச் செயலாளர் இசக்கிராஜா எழுந்து நின்று அறிவித்தான். முனையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். வாய் மட்டும் அரசியல்வாதி.

"வடிவக்கா ஆபரேசனுக்கு அப்புறம் மொத மொதல்ல நம்ம தெரு மேடையிலதான் பாடப் போறாவ!"

எல்லாரும் கை தட்டினார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் தட்டினேன். நான் மட்டும் தட்டாமல் இருந்தால் என்னவோ ஏதோ என்று ஊரே பேசும். என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன்தான் குழுவின் கீபோர்டு; அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மே மாதம் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். ஒரு மாதம் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோதுதான் இப்படி எழுத ஆரம்பித்தேன். "இனி தாராளமா பாடலாம்மா" என்று அவர் சொல்லியும் மாதக்கணக்காகிறது. எழுதுகிற பழக்கம் விடவில்லை. பாடத்தான் நேரம் கிடைக்கவில்லை. வீட்டு வேலை அப்படி.

பிப்ரவரி 11, ஞாயிறு

இசக்கிராஜா வந்தான். போலீஸ் அனுமதியைப் பற்றிக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. ஸ்டேசன்ல ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். எல்லாரும் வாய்மொழியாத்தான் வாங்குதாங்க."

"ஏல, பள்ளிக்கூட ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவ நான். நான் இருக்கிற சங்கம் வாய்மொழியா அனுமதி வாங்கிச்சுன்னா என் பேரு என்னத்துக்கு ஆகும்? முறைப்படி எழுதித்தான் வாங்கணும். நானே வாங்குதேன்."

அவனுக்குச் சந்தோஷம். ஒரு வேலை குறைந்தது.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் போலீஸ். தெருவை அடைக்க மாநகராட்சி. வண்டிகளைத் திருப்பிவிடப் போக்குவரத்துப் போலீஸ். பந்தலுக்குத் தீயணைப்பு நிலையம். தற்காலிக இணைப்புக்கு மின்வாரியம். ஐந்து இடம். ஐந்து இடமும் ஒத்துவந்து, எழுத்தில் கொடுத்து, குறித்த தேதியில் ஒரு விழா நடந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

மனசு லேசாக இருந்தது. மத்தியானம் சொதி வைத்தேன். நானே இரண்டு தரம் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 14, புதன்

ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். எஸ்.ஐ. சுடர்மதி என்று ஒரு பெண். என் மகளாக இருந்தால் இன்னும் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டிருப்பேன், அந்த வயசு. ஆனால் மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தது. அதிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"கூம்பு ஒலிபெருக்கி கட்டக் கூடாது, பாக்ஸ் மட்டும்தான். பத்து மணின்னா பத்து மணிதான் மேடம். எல்லாரும் 'கடைசிப் பாட்டு, கடைசிப் பாட்டு'ன்னு பதினொண்ணு ஆக்கிடுறாங்க. எங்கிட்ட அது நடக்காது. நானே வந்து ஒயரை உருவிடுவேன்."

"நல்லா உருவும்மா," என்றேன். "விதின்னு இருந்தா நடக்கணும்லா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இதுவரை யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மற்ற நான்கு இடத்துக் கையெழுத்தும் வந்த பிறகுதான் தன் கையெழுத்து என்றாள். அதுவும் நியாயம்தான்.

பிப்ரவரி 19, திங்கள்

மாநகராட்சி மண்டல அலுவலகம். தெருவின் வரைபடத்தை ஸ்கேல் வைத்து வரைந்து கொண்டுபோனேன். மேடை எங்கே, நாற்காலி எங்கே, ஆம்புலன்ஸ் போக எவ்வளவு இடம் விடுவோம், எல்லாம் போட்டிருந்தேன். வீட்டுக்காரர்கள் எல்லாரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து. முனையில் இருக்கும் நர்ஸிங் ஹோமிடமும் ஒரு கடிதம். அவர்கள் கேட்காததையெல்லாம் இணைத்தேன். இணைப்பு கூடக் கூட, அதைப் பார்க்க அவர்களுக்கு நாளும் கூடும். ஆபீஸ் நடைமுறை எனக்குத் தெரியாதா என்ன?

"இத்தன பேப்பர் நாங்க கேக்கவே இல்லியேம்மா," என்றார் சீட்டில் இருந்தவர்.

"இருக்கட்டும் சார். நிதானமா பாருங்க. அவசரமே இல்ல."

பிப்ரவரி 22, வியாழன்

இவர் கீபோர்டை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டாராம். ஒரு கட்டையை அமுக்கினால் மேலே எழும்பவில்லையாம். நல்லதாகப் போயிற்று. வீடு அமைதியாக இருக்கிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

நிகழ்ச்சி நிரல் எழுதிக் கொடுத்தேன். இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை. கவுன்சிலர், எம்.எல்.ஏ., ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வியாபாரிகள் சங்கம், பக்கத்துத் தெருச் சங்கம், எதிர்த் தெருச் சங்கம். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. நம் ஊர் மேடையைப் பற்றி எனக்குத் தெரியும். ஒருவருக்குப் போர்த்தினால், போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்துவார். போட்டோவுக்காகக் கழற்றி மறுபடியும் போர்த்துவார்கள். எம்.எல்.ஏ. எட்டரைக்கு வந்தால் அதற்கு முன்னால் பேசியவர்களெல்லாம் திரும்ப முதலிலிருந்து பேசுவார்கள்.

இசக்கிராஜா நிரலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்காத குறை. "என்னக்கா, ஒங்க பாட்டு கடேசில கெடக்கு? ஒம்பதே முக்காலுக்குப் போட்டிருக்கீங்க?"

"முக்கியமானவங்க கடைசிலதாம்ல வரணும். கூட்டம் கலையாது."

"அதுவும் சரிதான். ஆனா பத்து மணிக்கு அந்தம்மா ஒயர உருவிருமே?"

"அதுக்கு நாம என்ன செய்ய முடியும்? விதி."

பிப்ரவரி 28, புதன்

அனுமதியே வரவில்லை, அதற்குள் நோட்டீஸ் அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தாகிவிட்டது. "இன்னிசைக் குயில் ஆ. வடிவு" என்று நடுவில், பந்து பந்தாக எழுத்து. இருபது வருஷத்துக்கு முன்பு எடுத்த போட்டோ. கழுத்தில் கோடு இல்லை.

மூன்றாம் வீட்டு மீனா கேட்டாள், "என்ன பாட்டு பாடப் போறீங்கக்கா? அந்தப் பாட்டு உண்டுல்லா? அது இல்லாம ஒங்கள விட மாட்டோம்."

அந்தப் பாட்டு எது என்று ஊருக்கே தெரியும். கல்யாண வீடு, கோயில் கொடை, கல்லூரி விழா, எங்கே போனாலும் அதைப் பாடாமல் என்னை இறங்க விட்டதில்லை. சரணத்தில் ஓர் இடம் மேலே போகும். அங்கே போய் நான் நிற்கும்போது கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"பார்ப்போம்," என்றேன். "பெர்மிஷன் வரட்டும் முதல்ல."

மார்ச் 4, திங்கள்

இவர் தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு வாக்கிங் என்று கிளம்புகிறார். எட்டு மணிக்குத்தான் வருகிறார். வேர்வையும் இல்லை, தொப்பையும் குறையவில்லை. இன்று சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் முறுக்குத் தூள். எங்கே நடந்தார் என்று கேட்டால், "கிட்டார் நெல்லையப்பன் வீட்டுப் பக்கமா" என்கிறார். நெல்லையப்பன் பெண்டாட்டி முறுக்கு நன்றாகச் சுடுவாள். அறுபத்திரண்டு வயதில் முறுக்குக்காக ஓர் ஆள் நடக்கிறார் என்றால் நடந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 8, வெள்ளி

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து தெருவைப் பார்த்தார்கள். என் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்கள். "இந்த மாதிரி முன்னாலேயே எழுதிக் கொடுத்தா எங்களுக்கு வேலையே இல்லம்மா," என்று சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார் அலுவலர். மின்வாரியமும் போட்டாயிற்று. போக்குவரத்தும் போட்டாயிற்று.

இந்த நாட்டில் எதற்காவது ஒரு மாதம் அலைந்தால்தான் கையெழுத்து கிடைக்கும் என்று இருந்தேன். இப்போது பார்த்து எல்லாரும் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. நார்த்தங்காய் ஊறுகாயில் உப்பு கூடிவிட்டது, அதனால் இருக்கும்.

மார்ச் 12, செவ்வாய்

மாநகராட்சியும் கொடுத்துவிட்டது. இனி ஸ்டேஷன் கையெழுத்து ஒன்றுதான்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். எங்கேயாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

போன அக்டோபரில் ஒரு நாள் இவர் வெளியே போயிருந்தார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். பல்லவி எப்படியோ போயிற்று. சரணத்தில் அந்த மேல் இடம் வந்தது. வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. மறுபடியும் பார்த்தேன். மறுபடியும் காற்று. வாளி நிரம்பி வழிந்து, தரையெல்லாம் தண்ணீர். குழாயை மூடிவிட்டுச் சமையலுக்குப் போனேன். அதன்பிறகு வாயைத் திறக்கவே இல்லை.

முப்பது வருஷமாக எனக்கு இருந்தது அது ஒன்றுதான். ஆபீஸில் ஆயிரம் பேர் சூப்பிரண்டு. அந்த இடத்தில் போய் நிற்கிறவள் நான் ஒருத்திதான். இத்தனை பேருக்கு முன்னால் அங்கே காற்று வந்தால் நான் என்ன செய்வேன்?

மார்ச் 16, சனி

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள்! இன்றிலிருந்து நடத்தை விதிகள் அமல். கூட்டம் கூடினால் ஆயிரம் கேள்வி. ஊர் முழுக்க வாய்மொழியாக வாங்கி வைத்திருந்த அனுமதியெல்லாம் காற்றோடு போயிற்று. பக்கத்துத் தெரு ஆண்டு விழா ரத்து. வியாபாரிகள் சங்க விழா ரத்து.

இசக்கிராஜா அழாத குறையாக வந்து உட்கார்ந்தான். "நம்ம நேரத்தப் பாத்தீங்களாக்கா? நீங்க எவ்வளவு அலைஞ்சீங்க!"

"என்னல செய்ய. நமக்குக் குடுத்து வைக்கல," என்றேன். முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவன் போனதும் கேசரி கிளறினேன். இவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "துக்கத்துக்குக் கேசரி கிண்டுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றார்.

"ரவையில வண்டு விழுது. வீணாக்கச் சொல்லுதீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வாக்கிங் போய்விட்டார். நான் அயர்ந்து தூங்கினேன். எவ்வளவு நாள் ஆயிற்று இப்படித் தூங்கி.

மார்ச் 20, புதன்

ஸ்டேஷனிலிருந்து போன். நேரில் வரச் சொன்னார்கள். மறுப்புக் கடிதம் தரப் போகிறார்கள் என்று நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

சுடர்மதி எழுந்து நின்று கை கூப்பியது. "வாழ்த்துகள் மேடம். இந்த ஸ்டேஷன் லிமிட்ல எல்லா விழாவுமே கேன்சல். உங்க ஃபைல் ஒண்ணுதான் முழுசா இருந்துச்சு. அஞ்சு இடத்துக் கையெழுத்து, மேப், வீட்டுக்காரங்க சம்மதம், ஆஸ்பத்திரி கடிதம். தேர்தல் அலுவலருக்கு அனுப்பினேன். ஒரு கேள்வி கேக்காம ஒத்துக்கிட்டாங்க."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நிபந்தனை மட்டும் உண்டு. மேடையில அரசியல்வாதி யாரும் ஏறக் கூடாது. உரை கூடாது. பொன்னாடை, பரிசு எதுவும் கூடாது. பாட்டு மட்டும்தான். அதனால உங்களுக்கு நல்லதுதான் மேடம், முழு நேரமும் பாடலாம்."

"பாட்டு மட்டுமா?"

"பாட்டு மட்டும். சாரும் தெனமும் வந்து கேட்டுட்டுத்தான் போவாரு. இன்னைக்காவது சந்தோஷப்படுவாரு."

"எந்த சார்?"

"உங்க வீட்டுக்காரர்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடுவாரு. ஆர்டர் வந்துட்டாம்மா, வந்துட்டாம்மான்னு."

ஸ்டேஷன் எங்கள் தெருவுக்கு மேற்கே இருக்கிறது. நெல்லையப்பன் வீடு கிழக்கே. இந்த மனுஷன் எந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருந்தார் என்று யோசித்தபடியே வந்தேன். வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் அவரும் என்னைக் கேட்பார்.

மார்ச் 21, வியாழன்

புது நிரல். இறைவணக்கம். பிறகு நான்.

மார்ச் 22, வெள்ளி

பந்தல்கால் நட்டுவிட்டார்கள். வாசலில் நின்று பார்த்தால் மேடை தெரிகிறது. பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை போட்டு எழுத இன்று தெம்பில்லை.

இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பாட்டு போயிட்டுங்க."

பேப்பரை மடித்து வைத்தார். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"சரி," என்றார். "நாளைக்கு மேடைக்கு மட்டும் வா. எம் பக்கத்துல உக்காரு. பாட்டு வந்தா பாடு. வரலன்னா நம்ம குழுப் பொண்ணு அமுதா பாடட்டும். அவளும் நல்லாத்தான பாடுதா?"

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்கு நாம என்ன எழுதியா குடுத்திருக்கோம்?"

நான்தான் எழுதியே கொடுத்திருக்கிறேன். ஐந்து பிரதி. ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதில் மார்பை அழுத்திக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்கிற்று. அழுதேன். அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டார், ஆனால் படிக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

நேற்று நடந்ததைக் காலையில் எழுதுகிறேன். காபி ஆறிக் கிடக்கிறது.

தெரு நிறைந்துவிட்டது. மற்ற விழாவெல்லாம் ரத்தானதால் பக்கத்துத் தெருக்காரர்களும் இங்கேதான். உரை இல்லை என்று சொல்லியிருந்ததால் சனங்கள் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் இதுவரை பார்த்ததில்லை இப்படி ஒரு கூட்டம். கவுன்சிலர் பொதுமக்களோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இறைவணக்கத்தை அமுதா பாடினாள். நான் இவர் பக்கத்தில், நாற்காலியில். கீபோர்டு புத்தம் புதுசு மாதிரி இருந்தது. எந்தக் கட்டையும் ஒட்டவில்லை. இசக்கிராஜா மைக்கில், "அடுத்ததா நம்ம இன்னிசைக் குயில்" என்று ஆரம்பித்ததும் விசில். அமுதாவுக்குக் கண் காட்டலாம் என்று திரும்பினேன். அதற்குள் இவர் அந்தப் பாட்டின் முன்னிசையைத் தொட்டுவிட்டார்.

தப்பாக இருந்தது. அந்தப் பாட்டுதான், ஆனால் கீழே இருந்தது. புல்லாங்குழல் ஆறுமுகம் எப்போதும் வாசிக்கிற குழலைப் பையில் வைத்துவிட்டு நீளமான குழல் ஒன்றை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். நெல்லையப்பன் கிட்டாரில் விரல் வேறு இடத்தில் ஓடியது. மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் வாசித்தார்கள்.

குனிந்து கேட்டேன், "என்னங்க இது சுருதி?"

"நாலு கட்ட."

"இந்தப் பாட்டுக்கு நமக்கு ஆறுல்லா?"

"ஆறு ஆபரேசனுக்கு முந்தி. நீ பாத்திரம் வெளக்கும்போது முனகுதது நாலுலதான்."

"நான் முனகுதேனா?"

"ஆறு மாசமா முனகுத. பாடு."

முன்னிசை முடிந்தது. இந்த மனுஷனைத் திட்ட நேரமில்லை. பாடினேன்.

பல்லவி வந்தது. குரல் என்னுடையதாகவே இல்லை. கனத்து, கொஞ்சம் கரகரத்து, யாரோ ஒரு வயசான பொம்பளை பாடுகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, நான் வயசான பொம்பளைதானே. சரணம் வந்தது. அந்த இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். காற்று வரவில்லை. குரல் வந்தது! முன்னை மாதிரி மெல்லிசாக இல்லை, ஆனால் போய் நின்றது. நின்றுவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு இறங்க மனசில்லை. தாளத்தை மீறி நின்றேன். இவர் கீபோர்டில் எனக்காகக் காத்திருந்தார்.

முடிந்ததும் முதலில் கேட்டது ஒரு குழந்தை அழுகிற சத்தம். பிறகுதான் கைதட்டல். மீனா நாற்காலி மேலே ஏறி நின்று ஏதோ கத்தினாள். இவரைப் பார்த்தேன். அடுத்த பாட்டுக்குத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்புறம் நான் இறங்கவே இல்லை. எல்லாப் பாட்டையும் சுருதி இறக்கிப் பழகி வைத்திருந்தார்கள், பாவிகள். முறுக்கைத் தின்றுகொண்டே பழகியிருக்கிறார்கள். அமுதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தன் முறை எப்போது வரும் என்று கேட்டாள். வரும் வரும் என்றேன்.

சட்டென்று பார்த்தால் மேடைக்குக் கீழே சுடர்மதி. கடிகாரத்தைக் காட்டுகிறாள். நான் ஒரு பாட்டின் பாதியில் இருந்தேன். இடையிசை ஓடும்போது மேடை ஓரத்துக்குப் போய்க் குனிந்தேன்.

"ஒரே ஒரு பாட்டும்மா. இத முடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு."

"பத்தாகுது மேடம்."

"கடைசிப் பாட்டும்மா. எம் மக மாதிரிலா நீ."

"மேடம், எனக்கு விதி சொல்லிக் குடுத்ததே நீங்கதான். மனுல நீங்களே எழுதியிருக்கீங்க."

எழுதியிருக்கிறேன். அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

"அப்ப இந்தச் சரணத்தையாவது முடிச்சுக்கிடுதேன்," என்று ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன். இரண்டாவது அடி பாடும்போது அந்தப் பெண் சொன்னபடியே ஒயரை உருவிவிட்டாள். கீபோர்டு நின்றது. கிட்டார் நின்றது. நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த அடியைக் கடைசி வரை பாடி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். தெருவே அசையாமல் உட்கார்ந்திருந்தது. கையில் ஒயரோடு சுடர்மதியும் நின்றுகொண்டிருந்தாள்.

மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரை கேட்டதாக இசக்கிராஜா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் எதையும் கூட்டித்தான் சொல்வான். கவுன்சிலர் உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அது போதும்.